குட்டி யானை ஓடியது, நானோ நின்றது: ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகள்

2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் ‘ஏஸ்’ என்ற சின்ன லாரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2009 மார்ச்சில், ‘நானோ’ காரைக் கொண்டுவந்தது. இரண்டு திட்டங்களையும் முன்னின்று நடத்தியவர் ஒரே பொறியாளர், கிரீஷ் வாக். ஏஸ் வேலை முடிந்த கையோடு அவரை நானோவுக்கு மாற்றினார்கள். இரண்டுமே இரண்டு சிலிண்டர் எஞ்சின் வண்டிகள். இரண்டிலும் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி எண்ணித்தான் செலவு செய்தார்கள்.

முடிவு மட்டும் நேர் எதிர். ஏஸ் ஏழு ஆண்டுகளில் பத்து லட்சம் விற்றது. தமிழ்நாட்டில் இன்றைக்கு எந்த கம்பெனியின் மினி லாரியாக இருந்தாலும் அதற்குப் பெயர் குட்டி யானைதான். நானோவுக்காகக் குஜராத்தின் சாணந்தில் கட்டிய தொழிற்சாலையில் ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் செய்ய வசதி இருந்தது. நானோவின் மிகச் சிறந்த ஆண்டான 2011-12இல் விற்றது 74,527. கட்டிவைத்த வசதியில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட வேலை வரவில்லை.

நானோ ஏன் தோற்றது என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். சிங்கூர் நிலப் போராட்டம், கார்கள் தீப்பிடித்த செய்திகள், ‘உலகின் மலிவான கார்’ என்ற முத்திரை. மூன்றும் உண்மைதான். ஆனால் ஏஸையும் நானோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவற்றுக்கெல்லாம் முன்பே ஒரு வித்தியாசம் தொடங்கிவிட்டது தெரியும். வடிவமைப்புக் குழுவின் மேசைக்கு முதல் எண் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது. ஒரு பொருளை உருவாக்குகிற யாருக்கும் இந்த ஒப்பீடு பயன்படும் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஏஸ்: லோடு கணக்கிலிருந்து தொடங்கிய வண்டி

2000-01 நிதியாண்டில் நிறுவனத்துக்குச் சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம். அப்போது அதன் பெயர் டெல்கோ. லாரி வியாபாரம் நாட்டின் பொருளாதாரத்தோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தொழில் மந்தமானால் முதலில் நிற்பது புது லாரி வாங்குவதுதான். அந்த ஏற்ற இறக்கத்தில் அவ்வளவாக அடிபடாத ஒரு வண்டி தேவைப்பட்டது.

அதே காலத்தில் தங்க நாற்கரச் சாலைகள் வந்துகொண்டிருந்தன. நகரத்திலிருந்து நகரத்துக்குச் சரக்கு பெரிய லாரியில் போகும். ஆனால் பகலில் ஊருக்குள் பெரிய லாரிக்குத் தடை, சந்துகளுக்குள் நுழையவும் முடியாது. கிடங்கிலிருந்து கடைவாசல் வரையிலான கடைசி தூரத்தை மூன்று சக்கர வண்டிகள்தான் பார்த்துக்கொண்டன. அவை மெதுவாகப் போகும், நெடுஞ்சாலைக்கு லாயக்கில்லை, திருப்பத்தில் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. இப்படி லாரிக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

ஏஸ் குழு நேராக மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் போனது. ‘உங்களுக்கு எந்த மாதிரி வண்டி வேண்டும்?’ என்று கேட்டால் இருப்பதையே கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார்கள். என்ன சரக்கு ஏற்றுகிறீர்கள், எவ்வளவு தூரம் போகிறீர்கள், நாளைக்கு எத்தனை நடை, கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் கிடைக்கும் பதிலே வேறு. அதிலிருந்து வண்டியின் அளவு வரும், எஞ்சின் சக்தி வரும், மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்பதும் வரும். அதாவது விலையும் வரும்.

அந்த உரையாடல்களிலிருந்து ஒரு பதிலை இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தன்னிடம் நான்கு சக்கர வண்டி இருந்தால் ஊரில் தனக்கு நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்றாராம் ஒரு வண்டிக்காரர். இதைச் சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். என் பார்வையில் ஏஸ் திட்டத்தின் மையமே இதுதான். வண்டி என்பது சம்பாதிக்கும் கருவி மட்டும் கிடையாது, தெருவில் தன்னுடைய இடத்தைச் சொல்வதும்கூட என்பதை அந்தக் குழு வேலையின் தொடக்கத்திலேயே காதில் வாங்கிக்கொண்டது. மூன்று சக்கரத்தில் செலவு குறையும் என்று தெரிந்தும் நான்காவது சக்கரத்தை விடவில்லை.

அப்புறம் செலவைக் குறைத்த விதம். புது எஞ்சினுக்காகப் பெரும் பணம் கொட்டவில்லை. இண்டிகா காரில் ஓடிக்கொண்டிருந்த 1,405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் பாதியை எடுத்தது போல 702 சிசி இரண்டு சிலிண்டர் எஞ்சினைச் செய்தார்கள். பழகிய தொழில்நுட்பம், உதிரிபாகங்களுக்கும் அலைய வேண்டாம். ஏற்றலாம் என்று எழுதிய எடை 750 கிலோ. எழுதியதோடு யாரும் நிறுத்தப்போவதில்லை என்பது மூன்று சக்கர வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் முன்னாலும் பின்னாலும் லாரிகளில் இருப்பது போன்ற நேர் ஆக்சிலும் பட்டைத் தகடு ஸ்பிரிங்குகளும் வைத்தார்கள். உட்காருகிறவருக்குக் குலுக்கும், ஆனால் அளவுக்கு மீறி லோடு ஏற்றினாலும் தாங்கும். வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுப்பார், எதைப் பொறுத்துக்கொள்வார் என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான் இப்படி முடிவெடுக்க முடிந்தது. சொகுசில் கைவைத்தார்கள், தாங்கும் திறனில் வைக்கவில்லை.

நானோ: தலைப்புச் செய்தியிலிருந்து வந்த எண்

நானோவின் தொடக்கமும் ஒரு மனிதரின் உண்மையான அக்கறையில்தான் இருக்கிறது. மழையில் ஒரு ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, இவர்களுக்குப் பாதுகாப்பான வாகனம் ஒன்று வேண்டும் என்று ரத்தன் டாடா நினைத்தார். முதலில் யோசித்தது முழுக் கார்கூட இல்லை. கதவுக்குப் பதில் கம்பி, துணிக் கூரை என்றெல்லாம் பேச்சு இருந்தது. அரைகுறைக் காரை மக்கள் விரும்ப மாட்டார்கள் என்று அந்த யோசனைகளைக் கைவிட்டார்கள். மிகச் சரியான முடிவு. வாங்குகிறவரின் மனதை அங்கே சரியாகவே படித்திருக்கிறார்கள்.

விலை வந்த கதை வேறு. 2003இல் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஒரு பத்திரிகையாளர், இந்தக் கார் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். ஒரு லட்சம் ரூபாய் அளவில் என்றார் ரத்தன் டாடா. அது செய்தியாக வெளிவந்தது. மறுக்கலாம் என்ற எண்ணம் முதலில் வந்ததாகவும், பிறகு அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காரை அறிமுகப்படுத்தியபோதும் கொடுத்த வாக்கு வாக்குதான் என்றார்.

இங்கே இலக்குச் செலவு என்ற முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பொருளைச் செய்து, ஆன செலவோடு லாபத்தைச் சேர்த்து விலை வைப்பார்கள். ஜப்பானிய நிறுவனங்கள் முறையாக வளர்த்தெடுத்த இலக்குச் செலவு முறை இதைத் தலைகீழாக்குகிறது. வாங்குகிறவர் இந்தப் பயனுக்கு இவ்வளவு கொடுப்பார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதிலிருந்து லாபத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் செய்வதற்கு ஆகலாம் என்ற செலவு. அந்தச் செலவை எஞ்சின், உடல், இருக்கை, மின்சாரப் பகுதி என்று பங்கு பிரிக்கிறார்கள். பங்கு பிரிக்கும்போது எது வாங்குகிறவருக்கு அதிகம் முக்கியமோ அதற்கு அதிகம் ஒதுக்க வேண்டும் என்பது விதி.

அந்த முறையில் விலை தனியாக நிற்காது. ‘இந்தப் பயனுக்கு இந்த விலை’ என்று ஜோடியாகத்தான் இருக்கும். நானோவில் ஜோடியில் ஒன்று மட்டும் முதலில் பிறந்துவிட்டது. ஒரு லட்சம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த ஒரு லட்சத்துக்கு எதெதெல்லாம் இருந்தால் ஸ்கூட்டர் குடும்பம் சந்தோஷமாக வாங்கும் என்பது எண்ணுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. எண் பெரிது, ரவுண்டானது, நினைவில் நிற்பது. அதனாலேயே அதைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை. 2003க்கும் 2008க்கும் நடுவில் எஃகு முதலான மூலப்பொருட்களின் விலை நன்றாகவே ஏறியது. எண் மட்டும் அப்படியே நின்றது.

பொறியாளர்கள் செய்த வேலை

அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு பொறியாளர்கள் செய்த வேலையைச் சும்மா சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. காரின் நீளம் 3.1 மீட்டர்தான். எஞ்சினைப் பின்னால் தள்ளி, சக்கரங்களை நான்கு மூலைக்கும் ஒதுக்கியதால் உள்ளே இடம் தாராளம். மாருதி 800ஐவிட வெளியே 8 சதவீதம் சின்னது, உள்ளே 21 சதவீதம் இடம் அதிகம் என்று நிறுவனம் சொன்னது. உயரமான ஆளும் தலை இடிக்காமல் உட்காரலாம். 624 சிசி அலுமினிய எஞ்சின். எடை பின்னால் விழுவதால் முன் டயரைவிடப் பின் டயர் அகலம். வேகம் காட்டும் மீட்டரை டாஷ்போர்டின் நடுவில் வைத்ததால் இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கும் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கும் ஒரே அமைப்பு போதும். சக்கரத்துக்கு நான்குக்குப் பதில் மூன்று போல்ட். ஒரே வைப்பர். ஸ்டியரிங் தண்டு உள்ளீடற்ற குழாய். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதியை பாஷ் நிறுவனம் இந்தக் காருக்கென்று தேவையானதை மட்டும் வைத்து எளிமையாக்கிக் கொடுத்தது.

ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு முறை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். கழித்ததெல்லாம் ஒரே ரகமா?

உள்ளீடற்ற ஸ்டியரிங் தண்டை வாங்கியவர் வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. மூன்று போல்ட், டயர் பஞ்சரானால்தான் கண்ணில் படும். மீட்டர் நடுவில் இருப்பது பார்க்க நன்றாகவே இருந்தது. இவையெல்லாம் உள்ளே நடந்த சிக்கனம்.

இப்போது பின்பக்கக் கதவு. முதல் நானோவைப் பின்னாலிருந்து பார்த்தால் டிக்கிக் கதவு போலவே ஒன்று தெரியும். அது திறக்காது. அதன் அடியில் எஞ்சின், அதற்கு மேலே கொஞ்சம் இடம். அந்த இடத்தில் ஒரு பையை வைக்க வேண்டுமானால் பக்கக் கதவைத் திறந்து, பின் இருக்கையின் சாய்வை முன்னால் மடக்கி, உடம்பை உள்ளே நுழைத்துப் பையைத் தள்ள வேண்டும். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்களை இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய முடியும். ரயில் நிலைய வாசலில், பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது இதை யோசித்துப் பாருங்கள். திறக்காத கதவால் உடலுக்கு உறுதி கூடும், கீல், பூட்டு, ரப்பர் எல்லாம் மிச்சம். வரைபடத்தில் அருமையான முடிவு. ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் காருக்கு வந்த குடும்பத்துக்கு, கார் வாங்கியதன் முதல் பெருமையே ‘சாமானை டிக்கியில் போடு’ என்று சொல்வதுதான்.

பெட்ரோல் பங்கிலும் இதே கதை. பெட்ரோல் ஊற்றும் வாய் முன் பானெட்டுக்குள் இருந்தது. ஒவ்வொரு முறையும் பானெட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். டேங்க் 15 லிட்டர்தான் என்பதால் இது அடிக்கடி நடக்கும், அதுவும் பத்துப் பேர் பார்க்க. ஆரம்ப மாடலில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி ஓட்டுநர் பக்கம் மட்டும். பவர் ஸ்டியரிங் அப்போது எந்த மாடலிலும் இல்லை. அடிப்படை மாடலில் ஏசியும் இல்லை.

பொருளில் எதைக் கழித்தாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்தக் குறை எந்த இடத்தில், எந்த நேரத்தில் தெரியவரும்? அப்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்? செலவுப் பட்டியலில் ஸ்டியரிங் தண்டும் டிக்கிக் கதவும் ஒரே மாதிரி இரண்டு வரிகள். ஒன்றைக் கழித்தால் பணம் மிச்சம். இன்னொன்றைக் கழித்தால், சொந்தக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது மலிவான கார் என்று அந்தக் காரே சொல்லிவிடும்.

இதில் ஒப்பிடும் அளவுகோல் மாறிப்போவதும் இருக்கிறது. பொறியாளர் நானோவை ஸ்கூட்டரோடு ஒப்பிட்டார். மழைக்கு நனையாது, நான்கு பேர் உட்காரலாம், விழுந்து அடிபடும் அபாயம் குறைவு. எதில் பார்த்தாலும் நானோ மேலே. வாங்கியவரோ சாவியைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து கார்க்காரர் ஆகிவிடுகிறார். இனி அவர் ஒப்பிடுவது தெருவில் நிற்கும் மற்ற கார்களோடு. ஸ்கூட்டர் வரிசையில் முதலிடத்திலிருந்த பொருள், கார் வரிசையில் கடைசி இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏஸில் இந்தச் சிக்கல் எழவில்லை. மூன்று சக்கரத்திலிருந்து நான்குக்கு வந்தவர் தன் தொழில்காரர்கள் நடுவே ஒரு படி உயர்ந்தார். பெரிய லாரிக்காரரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அவசியம் வரவில்லை.

முன்பதிவு சொன்ன செய்தி

2009 ஏப்ரல் 9 முதல் 25 வரை முன்பதிவு. கிட்டத்தட்ட 2,03,000 பேர் பதிவு செய்தார்கள். ஊரே இந்த எண்ணிக்கையைத்தான் பேசியது. அதே அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருந்தது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பதிவு செய்தவர்களில் சுமார் பாதிப் பேர் கேட்டது விலை அதிகமான எல்எக்ஸ் மாடல். விலை குறைந்த அடிப்படை மாடலைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான்.

சந்தை ஆய்வில் ‘வாங்குவீர்களா?’ என்று கேட்டால் வாய்ப்பேச்சாக ஆமாம் என்பார்கள். இங்கே பணத்தைக் கட்டிவிட்டுச் சொன்ன பதில். மலிவான கார் என்று உலகமே கொண்டாடிய காரில், மலிவான மாடலை வேண்டாம் என்று ஐந்தில் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் ஏசி, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் எல்லாம் உள்ளதைக் கேட்டார்கள். விலைக்காக மட்டும் வரவில்லை, கொடுக்கிற பணத்துக்கு நல்ல கார் வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். 2009 கோடையிலேயே இந்தப் பாடம் கையில் இருந்தது. டிக்கிக் கதவுக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் உடனே வேலையைத் தொடங்கியிருக்கலாம். அவை வந்தது 2014இலும் 2015இலும்.

பதிவு செய்த எல்லோருக்கும் உடனே கார் கிடைக்கவில்லை. முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் சிங்கூர். மேற்கு வங்கத்தில் நிலம் கையகப்படுத்தியதை எதிர்த்து நடந்த போராட்டத்தால் 2008 அக்டோபர் 3 அன்று அங்கிருந்து வெளியேறுவதாக டாடா அறிவித்தது. பிறகு சாணந்தில் தொழிற்சாலை கட்டி 2010 ஜூனில் திறக்கும்வரை உத்தராகண்டின் பந்த்நகரில்தான் குறைந்த அளவில் கார்கள் செய்தார்கள். மக்கள் கேட்டபோது கார் இல்லை. கார் தயாரானபோது கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இது வடிவமைப்பின் தவறு இல்லை, ஆனால் திட்டத்தை ஆழமாகக் காயப்படுத்தியது.

தீ

2010இல் சில நானோ கார்கள் தீப்பிடித்தன. எண்ணிக்கையில் அதிகமில்லை. ஆனால் புத்தம்புதிய கார் நடுச்சாலையில் எரியும் படம் ஒன்றே போதும். 2010 நவம்பரில் நாடு முழுவதும் விற்றது 509 கார்கள். நிறுவனம் ஏற்கெனவே விற்ற கார்களுக்குப் புகைக்குழாய்ப் பகுதியிலும் மின் இணைப்பிலும் கூடுதல் பாதுகாப்பைச் செலவில்லாமல் பொருத்தித் தருவதாகச் சொன்னது. காரைத் திரும்பப் பெறுவதாக அதைச் சொல்லவில்லை. உத்தரவாதத்தை நான்கு ஆண்டு அல்லது 60,000 கிலோமீட்டர் என்று நீட்டித்தது. அடுத்த மாதங்களில் விற்பனை திரும்பவும் எழுந்தது.

மற்ற கார்களும் எப்போதாவது தீப்பிடிக்கத்தான் செய்கின்றன. விலை அதிகமான கார் எரிந்தால் ஏதோ விபத்து என்று சொல்லிவிட்டுப் போவோம். நானோ எரிந்தபோது, ‘எதையெதையோ குறைத்தார்கள் இல்லையா, அதனால்தான்’ என்று ஒரு விளக்கம் எல்லோர் வாயிலும் தயாராக இருந்தது. அந்த விளக்கத்தைக் கொடுத்ததே காரின் விளம்பரக் கதைதான். ஐந்து ஆண்டுகளாக எதையெல்லாம் குறைத்து ஒரு லட்சத்துக்குக் கொண்டுவந்தோம் என்பதுதான் பெருமையாகச் சொல்லப்பட்டது. ஒரு வைப்பர், மூன்று போல்ட் எல்லாம் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. குறைத்ததைப் பெருமையாகச் சொல்லும் பொருளில் எந்தக் கோளாறு வந்தாலும் அது குறைத்ததால் வந்ததாகவே எண்ணப்படும். விலையைக் கதையாக்கும் எந்த நிறுவனமும் இதை முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும்.

2014 ஜனவரியில் குளோபல் என்காப் அமைப்பு மோதல் சோதனை செய்தபோது நானோவுக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். அதே சுற்றில் சோதித்த வேறு நான்கு பிரபலமான கார்களுக்கும் பூஜ்யம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் குடும்பத்தின் பாதுகாப்புக்காகப் பிறந்த காருக்கு அந்த மதிப்பெண் மற்றவற்றைவிட அதிகம் வலித்தது.

விளம்பரம்தான் காரணமா?

2013இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் ரத்தன் டாடா, மலிவான கார் என்று மக்கள் அழைத்ததும், விற்பனை செய்தபோது நிறுவனமே அப்படிச் சொன்னதும் வருத்தத்துக்குரியது என்றார். இரண்டு சக்கர வண்டியில் போகிறவருக்கு எந்த வானிலையிலும் ஓடும் வண்டியாக அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பலரும் இதை வைத்துக்கொண்டு கார் நல்ல கார், விற்றவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. வடிவமைப்புக் குழுவுக்குக் கொடுத்த முதல் வரியே விலைதான். முதல் வரியில் விலை இருந்தால் கடைசி விளம்பரத்திலும் விலைதான் இருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் புரிகிற ஒரே சாதனை அதுதான். உள்ளே இருக்கும் தாராளமான இடத்தை முன்வைத்து விற்றிருக்கலாம் என்றால், சரி, ஆனால் அப்படிச் சொல்ல வரும் விற்பனையாளர் டிக்கியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். விளம்பரத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் குற்றம் சொல்ல முடியாது.

கணக்குப் பக்கமும் ஆறுதல் தரவில்லை. 2016 அக்டோபரில் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி, நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் நானோவைப் பற்றியும் எழுதியிருந்தார். ஒரு லட்சத்துக்குக் கீழே என்று திட்டமிட்ட காரின் செலவு எப்போதும் அதற்கு மேலேயே இருந்தது என்றும், நஷ்டம் உச்சத்தில் 1,000 கோடி ரூபாயைத் தொட்டது என்றும் அதில் இருக்கிறது. கசப்பான சூழலில் எழுதிய கடிதம், ஒரு தரப்பின் பார்வை. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கார் கடைக்கு வந்தபோது தொழிற்சாலை விலைதான் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. வரியும் மற்றவையும் சேர்ந்து வாங்குகிறவர் கொடுத்தது அதைவிட அதிகம். அதாவது எண்ணுக்காக டிக்கியை விட்டுக்கொடுத்தும், வாங்கியவர் கைக்கு அந்த எண் போய்ச் சேரவில்லை.

லாபம் இல்லாத பொருளுக்குப் பின்னால் இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. ஒரு காரை விற்க டீலரின் ஆள் படும் பாடு எல்லா காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை குறைந்த காரில் அவருக்குக் கிடைப்பது குறைவு. ஏற்கெனவே பளபளப்பான ஷோரூமுக்குள் நுழையத் தயங்கும் ஸ்கூட்டர்க்காரருக்கு, உட்காரவைத்துக் கடன், காப்பீடு, தவணை எல்லாம் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் வேண்டும். அதற்கான பணத்தைப் பொருளின் விலையில் யாரும் ஒதுக்கிவைக்கவில்லை என்றால் அந்த வேலை நடக்காது. முதல் முறை வாங்குகிறவருக்காகச் செய்யும் எந்தப் பொருளிலும் விற்கும் வழியும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். பொருளை முடித்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

காலம் கடந்து வந்த திருத்தங்கள்

2014 ஜனவரியில் வந்த ‘ட்விஸ்ட்’ மாடலில் பவர் ஸ்டியரிங் வந்தது. 2015 மே மாதம் வந்த ‘ஜென்எக்ஸ்’ மாடலில் டிக்கிக் கதவு ஒருவழியாகத் திறந்தது. டேங்க் 24 லிட்டர் ஆனது, கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாறும் வசதியும் கிடைத்தது. முன்பதிவு செய்தவர்கள் 2009இல் மறைமுகமாகக் கேட்ட கார் ஏறக்குறைய இதுதான். டெல்லி ஷோரூம் விலை 1.99 லட்சத்திலிருந்து 2.89 லட்சம்வரை. இந்த விலையை நெருங்கியதும் மற்ற கம்பெனிகளின் சின்ன கார்களும், நல்ல நிலையில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் கார்களும் போட்டிக்கு வந்துவிட்டன. 2018 ஜூனில் சாணந்தில் செய்த நானோக்களின் எண்ணிக்கை ஒன்று.

ஒருவேளை 2009இல் முதல் மாடலே 1.6 லட்சம் அளவில், திறக்கும் டிக்கியோடும் இரண்டு பக்கக் கண்ணாடியோடும் வந்திருந்தால்? அப்போதும் அது சந்தையில் மிகக் குறைந்த விலைக் காராகவே இருந்திருக்கும். எல்எக்ஸ் கேட்ட பாதிப் பேர் அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தார்கள். பொறியாளர்களுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் மறுநாள் செய்தி காரைப் பற்றி வந்திருக்காது, ஒரு லட்சம் வாக்குத் தவறியது என்றுதான் வந்திருக்கும். ஏஸ் குழுவுக்கும் ஒரு இலக்கு விலை இருந்தது. அந்த எண் நிறுவனத்துக்கு உள்ளேயே இருந்ததால், வண்டிக்காரரிடம் கேட்டதை வைத்து அதைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது. வெளியில் யாருக்கும் அது தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.